பழைய பொலிரோ பிக்கப் மேட்டுல இழுக்கலன்னா, பம்ப கழட்டறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

வண்டி இழுக்கலன்னு கொண்டு போய் விட்டா நிறைய பட்டறைல வர்ற முதல் பேச்சே "பம்பு நாசில் எறக்கிரலாம்"ங்கறதுதான், அதாவது டீசல அழுத்தி அனுப்பற பம்பையும் அத இஞ்சினுக்குள்ள தூவற நாசிலையும் கழட்டி வேலை பாக்கறது. பம்பும் நாசிலும் கெட்டுப்போறது உண்டு, ஆனா அது கடைசியா தொட வேண்டிய எடம், ஏன்னா செலவு அதிகமா இழுக்கறதும் அதுதான், வண்டி லோடு இல்லாம நிக்கறதும் அதுலதான். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேனர் செட்டு, ஒரு டார்ச், கொஞ்சம் சோப்பு தண்ணி, கூட ஒரு ஆளு, இவ்வளவு இருந்தா வீட்டு வாசல்லயே பாக்கக்கூடியது ஏகப்பட்டது இருக்கு.

நான் சொல்றது 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ டீசல் இஞ்சின் போட்ட பழைய பொலிரோ பிக்கப்ப மனசுல வெச்சு. டர்போங்கறது வெளிய போற புகையோட வேகத்துல சுத்தி இஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி தள்ற விசிறி. இதுல ரெண்டு வகை ஓடுது, பழசுல கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்பு, அதுக்கப்புறம் வந்ததுல கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு டீசல் தூவற காமன் ரெயில். பிஎஸ்4ங்கற புகை கட்டுப்பாட்டு விதி சென்னை மாதிரி பெரிய ஊர்ல 2010லயும் நாடு முழுக்க 2017லயும்தான் வந்துச்சு, அதனால வருஷத்த மட்டும் வெச்சு முடிவு பண்ணாம பானெட்ட தெறந்து பாருங்க, நாசில் தலைல ஒயர் சாக்கெட் மாட்டியிருந்தா காமன் ரெயில், வெறும் இரும்பு பைப்பு மட்டும் வந்து ஏறுதுன்னா மெக்கானிக்கல். இது பின்னாடி ரொம்ப முக்கியமா வரும். டாடா 207 மாதிரி வண்டிக்கும் ஏறக்குறைய இதே முறைதான். பழைய ரெண்டு சிலிண்டர் குட்டி யானைக்கு டர்போ கெடையாது, அந்த எடத்த மட்டும் தாண்டிருங்க.

முதல்ல ஸ்பேனர தொடாம யோசிச்சு பாருங்க, இது திடீர்னு வந்துச்சா இல்ல மெல்ல மெல்ல வந்துச்சா. நேத்து வரைக்கும் நல்லா போயி இன்னிக்கு காலைல இருந்து இழுக்கலன்னா ஏதோ ஒண்ணு கழண்டிருக்கு, கிழிஞ்சிருக்கு இல்லன்னா டீசல்ல கோளாறு. சர்வீஸ் முடிஞ்சு வந்த உடனே ஆரம்பிச்சதுன்னா அவங்க கை வெச்ச எடத்துலயே தேடுங்க, கிளிப்பு முறுக்காம விட்டது, ஹோஸ் சரியா உக்காராதது இதெல்லாம் சகஜம். டீசல் போட்டு கொஞ்ச தூரத்துலயே வந்ததுன்னா டீசல சந்தேகப்படுங்க. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிருந்தா பில்டர், கிளட்ச், டேப்பட் (வால்வு இடைவெளி), ரிங்கு (பிஸ்டன் வளையம்) இந்தப் பக்கம் போங்க. அப்புறம் நீங்க வழக்கமா ஏர்ற ஒரு மேட்ட குறிச்சு வெச்சுக்கங்க, அதே லோடு, அதே கியர், எங்க இருந்து மிதிச்சா எந்த எடத்துல எவ்வளவு வேகம் வருதுன்னு. ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டு அதே மேட்டுல ஏத்தி பாத்தாதான் மாத்தம் தெரியும், சும்மா நியூட்ரல்ல ரேஸ் குடுத்து சத்தம் நல்லா இருக்குன்னு சொல்றதுல ஒண்ணுமே இல்ல, லோடு இல்லாதப்ப எந்த இஞ்சினும் நல்லாத்தான் கத்தும்.

அடுத்து இஞ்சின்ல சக்தி வரலையா, இல்ல வந்த சக்தி வீலுக்கு போய் சேரலையா, இத பிரிச்சுருங்க. ஒரு பத்து கிலோமீட்டர் பிரேக்க அதிகமா மிதிக்காம ஓட்டிட்டு வந்து நிறுத்தி நாலு வீல் பக்கமும் கைய கொண்டு போய் பாருங்க, தொட வேணாம், பக்கத்துல கொண்டு போனாலே போதும். ஒரு வீல்ல மட்டும் அனல் அடிச்சா அங்க பிரேக் புடிச்சுட்டு இருக்கு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்புடிச்சு திரும்பாம நிக்கிறது, டிரம் உள்ள வீல் சிலிண்டர் ஜாம் ஆகறது, டிஸ்க்ல காலிப்பர் பின் காஞ்சு போறது, எல்லாமே பழைய வண்டில சாதாரணம். சந்தேகம்னா மத்த வீலுக்கு கட்டை வெச்சு ஜாக்கி போட்டு தூக்கி கையால சுத்தி பாருங்க. டயர்ல காத்து கொறவா இருந்தாலும் லோடோட வண்டி செத்த மாதிரி போகும். டயர் மாத்தினப்ப பெரிய சைசு போட்டிருந்தீங்கன்னா கியர் ரேஷியோவே மாறின மாதிரி ஆயிரும், மேட்டுல இழுக்காது, அதுக்கு இஞ்சின குத்தம் சொல்ல முடியாது.

கிளட்ச் ஸ்லிப்ப கண்டுபுடிக்கறது ஈசி. டாப் கியர்ல நாப்பதுல போறப்ப சடார்னு முழுசா மிதிங்க, இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி அதே வேகத்துல போச்சுன்னா கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு. இன்னொண்ணு, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து கால் பிரேக்கையும் மிதிச்சுட்டு, முன்னாடி ஆளு யாரும் இல்லன்னு பாத்துட்டு நாலாவது கியர் போட்டு கிளட்ச மெதுவா விடுங்க, இஞ்சின் உடனே ஆஃப் ஆகணும், ஆகாம ஓடிட்டே இருந்தா ஸ்லிப். ஒரு தடவை பாத்தா போதும், திரும்ப திரும்ப பண்ணா இருக்கற பிளேட்டும் கருகிரும். பெடல்ல கொஞ்சம் ஃப்ரீ ப்ளே இருக்கான்னும் பாருங்க, அது இல்லாம எப்பவும் அழுத்திட்டே இருந்தா புது பிளேட்டு கூட வழுக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தா இஞ்சின் பக்கம் வாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஆக்சிலேட்டர். மெக்கானிக்கல் பம்பு வண்டில ஒருத்தர பெடல முழுசா மிதிக்க சொல்லி நீங்க பம்பு லீவர பாருங்க, லீவரு கடைசி ஸ்டாப்பர தொடணும். கேபிள் நீண்டுபோயி முக்கால்வாசிலயே நிக்கிற வண்டி இருக்கு, கால் மிதியடி மடிஞ்சு பெடலுக்கு அடில தடுக்கற வண்டி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப புகை. என்ன கேட்டா இதுதான் மொத்த விஷயத்துலயும் பெரிய சாட்சி, லோடோட மேட்டுல ஏர்றப்ப பின்னாடி ஒரு ஆள பைக்ல வர சொல்லி புகைய பாக்க சொல்லுங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க. டீசல் இஞ்சின்ல நீங்க பெடல மிதிக்கறது எவ்வளவு டீசல் உள்ள போகணும்னு சொல்றதுக்குத்தான், அந்த டீசல் எரியற அளவுக்கு காத்து வந்தாத்தான் சக்தி. கரும்புகை தள்ளிட்டு இழுக்கலன்னா டீசல் வருது, காத்து பத்தல, இல்லன்னா நாசில் சரியா தூவாம ஒழுகுது. புகையே இல்லாம மந்தமா போச்சுன்னா பெரும்பாலும் டீசலே போதுமான அளவு வரல. நீலப்புகைன்னா இஞ்சின் ஆயில் எரியுது. இஞ்சின் சூடான பிறகும் வெள்ளப்புகை வந்துட்டே இருந்தா டீசல் எரியாம வெளிய வருது, டைமிங் (டீசல் தூவற நேரம்) இல்லன்னா கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து அழுந்தற அளவு) பாக்கணும், கூடவே ரேடியேட்டர் தண்ணி கொறஞ்சா இஞ்சின் ஹெட்டுக்கு அடில சீல் மாதிரி இருக்கற ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்படணும்.

கரும்புகைன்னா ஏர் பில்டர்ல ஆரம்பிங்க. பில்டர வெளிய எடுத்து உள்ள டார்ச் அடிச்சு வெளிய இருந்து பாருங்க, வெளிச்சம் சுத்தியும் தெரியணும். செங்கல் சூளை, கல்குவாரி, நெல்லு அடிக்கற களம் இந்த மாதிரி எடத்துக்கு ஓடற வண்டிக்கு புக்குல போட்ட கிலோமீட்டர் கணக்கு செல்லாது, அதுக்கு ரொம்ப முன்னாடியே அடைஞ்சுரும். காத்து அடிச்சு சுத்தம் பண்றதுன்னா உள்ள இருந்து வெளிய, கம்மி பிரஷர்ல, தள்ளி நின்னு அடிங்க, கிட்ட வெச்சு அடிச்சா பேப்பர் கண்ணுக்கு தெரியாம கிழிஞ்சு தூசி நேரா டர்போவுக்கு போகும். பில்டர் இல்லாம ஓட்டி பாத்தா தெரிஞ்சுரும்னு சிலர் சொல்லுவாங்க, டர்போ வண்டில அத பண்ணாதீங்க. காத்து உறிஞ்சற வாயையும் பாருங்க, வண்டி ரொம்ப நாள் நின்னிருந்தா எலி கூடு கட்டியிருக்கும்.

அடுத்தது டர்போல இருந்து இண்டர்கூலருக்கும் (அந்த காத்த குளுத்தற ரேடியேட்டர் மாதிரி பாகம்) அங்க இருந்து மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டருக்கு காத்த பிரிச்சு விடற குழாய்) போற ரப்பர் ஹோஸ். இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன், ஏன்னா அதிகமா ஏமாத்தறது இதுதான். எங்க பக்கத்துல ஒரு அண்ணன் வண்டி, சத்தியமங்கலத்துல இருந்து உர மூட்டை ஏத்திட்டு திம்பம் மலை ஏறி தாளவாடி போறது, 27 கொண்டை ஊசி வளைவு. கீழ சமவெளில ஒரு குறையும் தெரியாது, மலை ஆரம்பிச்சதும் கரும்புகை, ரெண்டாவது கியர விட்டு மேல போக முடியல. ஒரு பட்டறைல பம்பு போச்சுன்னு சொல்லிட்டாங்க. கடைசில பாத்தா ஹோஸோட அடிப்பக்கம், மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாத எடத்துல, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஐடில்ல அந்த கீறல் வாய மூடிட்டு இருக்கும், லோடு ஏறி டர்போ காத்து அழுத்தறப்ப மட்டும் தெறக்கும். அதுக்கு கீழ இருக்கற இரும்புல ஆயிலும் தூசியும் சேந்து கருப்பு பசை மாதிரி அப்பியிருந்துச்சு, அந்த பசைதான் காட்டிக்குடுத்துச்சு. ஹோஸ மாத்தினதோட அதே மேட்ட மூணாவது கியர்ல ஏறுச்சு.

அதனால ஒவ்வொரு ஹோஸையும் அடில கைய விட்டு தடவி பாருங்க, வளைச்சு பாருங்க, எங்க ஆயில் ஈரத்தோட தூசி ஒட்டியிருக்கோ அங்க காத்து வெளிய போகுது. ஜாயிண்ட்ல ஸ்ப்ரே பாட்டில்ல சோப்பு தண்ணி அடிச்சு ஒருத்தர ரேஸ் குடுக்க சொன்னா நுரை தள்ளும், கைய மட்டும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கிட்ட கொண்டு போகாதீங்க. ஹோஸ் ரொம்ப மெத்துனு ஊதிப்போயி இருந்தாலும் மாத்திருங்க. இண்டர்கூலர் பக்கவாட்டுல பிராக்கெட்டோட ஒரசி ஓட்டை விழுந்திருக்கான்னும் பாக்கணும்.

இங்க ஒரு விஷயம். சில மெக்கானிக்கல் பம்புல டர்போ காத்தழுத்தத்த பாத்து டீசல கூட்டிக் குடுக்கற ஒரு டயாஃப்ரம் மூடி இருக்கும், மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன டியூப் அதுக்கு வரும். அந்த டியூப் வெடிச்சிருந்தாலோ டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தாலோ பம்பு "டர்போ வேலை செய்யல"ன்னு நெனச்சு டீசல கொறச்சே குடுக்கும், அப்ப புகையே வராது, இழுவையும் இருக்காது. காமன் ரெயில்லயும் சென்சார் காத்து கம்மின்னு சொன்னா கம்ப்யூட்டர் டீசல கட் பண்ணிரும். அதனால புகை இல்லன்னாலும் இந்த ஹோஸ் பரிசோதனைய விட்டுறாதீங்க.

டர்போவ பாக்கணும்னா இஞ்சின் ஆஃப் பண்ணி நல்லா ஆறினப்புறம் காத்து வர்ற பக்க ஹோஸ கழட்டி ஷாஃப்ட புடிச்சு ஆட்டி பாருங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கும், அது பரவால்ல, முன்னும் பின்னும் ஆட்டம் கைக்கு தெரியக்கூடாது, பிளேடு சுத்து சுவர்ல ஒரசின கோடு இருக்கவே கூடாது. விரலால சுத்தினா லேசா சுத்தணும். பிரஷர் மிஞ்சாம புகைய விலக்கி விடற வேஸ்ட்கேட் கதவோட ஆக்சுவேட்டர் கம்பி துருப்புடிச்சு தெறந்த நிலையிலயே நின்னுட்டா டர்போ நல்லா இருந்தும் பிரஷர் வராது. இஞ்சின் ஓடறப்ப அந்த ஹோஸ கழட்டி விரல விடறத மட்டும் ஒருநாளும் பண்ணாதீங்க.

போன புகைல கொஞ்சத்த திரும்ப இஞ்சினுக்கு அனுப்பற இஜிஆர் வால்வு இருக்கற வண்டில அது கரி புடிச்சு தெறந்தே மாட்டிக்கிட்டாலும் கரும்புகையும் மந்தமும் வரும், போன புகையே திரும்ப உள்ள வந்து நல்ல காத்துக்கு எடம் இல்லாம பண்ணிரும். கழட்டி சுத்தம் பண்ணா பல தடவை போதும். தகடு வெச்சு அடைச்சுர்ற பழக்கம் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, காமன் ரெயில்ல செக் லைட்டும் எரியும்.

மலை மேல ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்க காத்தே கீழ இருக்கறத விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அடர்த்தி கம்மி. டர்போ வண்டி ஓரளவு சமாளிச்சுரும், டர்போ இல்லாத வண்டி அங்க மந்தமா கரும்புகையோட ஏர்றது கோளாறு இல்ல, கீழ வந்தா சரியாயிருச்சுன்னா விட்டுருங்க.

இப்ப புகை இல்லாம இழுக்கற சக்தி மட்டும் இல்லாத கேசு. டேங்க் மூடில இருந்தே ஆரம்பிக்கணும். இழுவை கொறையறப்ப வண்டிய ஓரம் கட்டி மூடிய தெறங்க, புஸ்ஸுனு காத்து உள்ள போற சத்தம் வந்து அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் நல்லா போச்சுன்னா மூடில இருக்கற காத்து ஓட்டை அடைஞ்சிருக்கு, வேற எதையும் தேட வேணாம். அடுத்து டீசல் பில்டர். அடில இருக்கற ட்ரெய்ன் ஸ்குரூவ லூஸ் பண்ணி, வெட்டின தண்ணி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வெயில்ல வெச்சு பாருங்க, தண்ணி இருந்தா டீசலுக்கு அடில தனியா உருண்டு நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல கோடு தெளிவா தெரியும். கருப்பா கொழகொழன்னு வந்தா டேங்க்லயே அழுக்கு சேந்திருக்கு, பில்டர் மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல திரும்ப அடையும், டேங்க எறக்கி கழுவித்தான் ஆகணும், டேங்க் உள்ள இருக்கற வலையும் அடைஞ்சிருக்கும். பில்டர் விலை பெருசா இல்ல, எப்ப மாத்தினோம்னு ஞாபகம் இல்லன்னா மாத்திருங்க.

பில்டர் மாத்தியும் அப்படியே இருந்தா லைன்ல காத்து உறிஞ்சுதான்னு பாக்கணும். பில்டர்ல இருந்து பம்புக்கு போற எடத்துல, அதாவது பிரஷர் இல்லாத பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு உள்ள இருக்கறது தெரியற, டீசல் தாங்கற பிளாஸ்டிக் டியூப் மாட்டி ரேஸ் குடுத்தா குமிழி போறது அப்படியே தெரியும். குமிழி வந்தா டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல வாஷர், பேஞ்சோ போல்ட் (நடுவுல டீசல் போக ஓட்டை இருக்கற போல்ட்), காஞ்ச ரப்பர் டியூப் இதுல ஒண்ணுல காத்து ஏறுது. மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு இன்னும் நல்ல வழி, அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல ஊத்தி உயரமா அசையாம கட்டி, சூடான பாகத்துல இருந்து தள்ளி வெச்சு, பில்டருக்கு நேரா டியூப் குடுத்து ஓட்டி பாக்கறது. கேன்ல இருந்து குடுத்தா இழுக்குது டேங்க்ல இருந்து குடுத்தா இழுக்கலன்னா பம்பு மேல பழி இல்ல, கோளாறு டேங்க் பக்கம்.

டீசலே சந்தேகம்னா பங்க்ல டென்சிட்டி (டீசலோட அடர்த்தி) பாத்து காட்ட சொல்லுங்க, அவங்ககிட்ட ஹைட்ரோமீட்டரும் ரெஜிஸ்டரும் இருக்கணும், நாம கேட்டா காட்டணும். ரெண்டு தடவை வேற பங்க்ல போட்டு ஓட்டி பாத்தாலும் தெரிஞ்சுரும்.

காமன் ரெயில் வண்டிக்கு முதல் வேலையே, கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்கற ஸ்கேனர் போடறதுதான். ஒரு அளவுக்கு மேல இஞ்சின் ரேஸே ஏறாம நின்னுச்சுன்னா கம்ப்யூட்டர் தன்னையே காப்பாத்திக்க சக்திய கொறச்சிருக்கும், செக் லைட்டும் எரியலாம். கோட் என்ன வருதுன்னு எழுதி வாங்கிக்கங்க, அழிச்சுட்டு விட்டா போதாது. ரெயில் பிரஷர் (நாசிலுக்கு போற டீசலோட அழுத்தம்) கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு வருதான்னு லோடுல ஓட்டறப்ப பாக்க சொல்லுங்க. கோட்ல ஒரு சென்சார் பேர் வந்த உடனே அத வாங்கி மாட்டறதும் தப்பு, சாக்கெட்ல பச்சை புடிச்சிருக்கா, ஒயர எலி கடிச்சிருக்கா, உள்ள வர்ற காத்த அளக்கற ஏர் மீட்டர்ல தூசி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. நாசில் சோதிக்க மிச்ச டீசல் திரும்பற நாலு ரிட்டர்ன் டியூபையும் தனித்தனி பாட்டில்ல விட்டு ஓட விட்டா எந்த பாட்டில் மத்தத விட வேகமா நிறையுதோ அந்த நாசில்தான் கசியுது.

மெக்கானிக்கல் வண்டில ஐடில்ல ஒவ்வொரு நாசில் பைப்பு நட்டையும் லேசா லூஸ் பண்ணி பாக்கலாம், துணி சுத்தி, கண்ணாடி போட்டுட்டு. லூஸ் பண்ணப்ப இஞ்சின் சத்தம் மாறலன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல. இதே வேலைய காமன் ரெயில்ல செய்யவே செய்யாதீங்க, அதுல ஓடற பிரஷர் 1000 பாருக்கு, அதாவது சாதாரண காத்தழுத்தத்துல ஆயிரம் மடங்குக்கு, மேல போகும், அந்த டீசல் பீய்ச்சினா தோல கிழிச்சு உள்ள ஏறிரும், வெளிய சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா கைய எடுக்கற வரைக்கும் கொண்டு போனது உண்டு. அப்படி யாருக்காவது பட்டுச்சுன்னா வலி இல்லன்னாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

சைலன்சர யாரும் நெனைக்கறதே இல்ல. ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கி பைப்பு நசுங்கியிருக்கலாம், உள்ள இருக்கற தகடு ஒடஞ்சு வழிய அடைச்சிருக்கலாம், புகைய சுத்தம் பண்ற கன்வர்ட்டர் கரி புடிச்சிருக்கலாம். ரேஸ் குடுக்கறப்ப பின்னாடி காத்து பலமா வரணும், மூச்சடைச்ச மாதிரி வந்தா ஆறினப்புறம் முன் ஜாயிண்ட்ட லூஸ் பண்ணி ஒரு சின்ன ட்ரையல் போங்க, சத்தம் அதிகமா வரும், ஆனா இழுவை திரும்பிச்சுன்னா விடை கெடச்சுருச்சு.

இவ்வளவும் சரியா இருந்தாத்தான் இஞ்சின் உள்பக்கம். டேப்பட் அளவு பாத்து ரொம்ப நாள் ஆயிருந்தா செட் பண்ணுங்க. ஐடில்ல ஆயில் ஊத்தற மூடிய கழட்டி தலைகீழா அதே வாய் மேல வைங்க, லேசா ஆடினா பரவால்ல, புகையோட தூக்கி தள்ளுச்சுன்னா ரிங்கு தேஞ்சு காத்து கீழ எறங்குது. அப்ப கம்ப்ரஷன் கேஜ் போட சொல்லுங்க, நாலு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா இஞ்சின் வேலை இருக்கு, அதுக்கு பம்பு செலவு பண்ணா வீண்.

கம்ப்ரஷன் நல்லா இருந்து டீசலும் காத்தும் சரியா இருந்தும் இழுக்கலன்னா இப்ப பம்பும் நாசிலும் எறக்கலாம். அப்பவும் டெஸ்ட் பெஞ்ச் (பம்ப ஓட்டி அளவு பாக்கற மிஷின்) இருக்கற கடைக்கே குடுங்க, எறக்கறதுக்கு முன்னாடி டைமிங் மார்க்க போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பெஞ்ச்ல வந்த அளவ எழுதி கேளுங்க, மாத்தின பழைய சாமான் எல்லாத்தையும் திருப்பி வாங்குங்க. மாட்டி முடிச்சதும் லீக் இருக்கான்னு ஒவ்வொரு நட்டா பாத்துட்டு, முதல்ல குறிச்சு வெச்ச அதே மேட்டுல அதே லோடோட மெக்கானிக்கையும் பக்கத்துல உக்கார வெச்சு ஏத்தி பாத்துட்டு மீதி காச குடுங்க.